ஒரு சொட்டு எண்ணெயும் ஒன்பது வருடக் கடனும்

பெண்டாங்கில் எங்கள் தாமானில் எந்த வீட்டில் பழைய கார் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, காரைப் பார்க்க வேண்டியதில்லை. முன்வாசலில் விரித்துக் கிடக்கும் பிஸ்கட் பெட்டி அட்டையைப் பார்த்தால் போதும். அட்டையின் நடுவில் வட்டமாகக் கறுப்புக் கறை இருக்கும். வாரம் ஒருமுறை அட்டையை மாற்றுகிற வீடும் உண்டு. மழை வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே விடுகிற வீடும் உண்டு. கார் எண்ணெய் சொட்டுவதை இங்கே மூட்டுவலி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். வயதானால் வரத்தானே செய்யும்!

எங்கள் வீட்டு அட்டையின் மேல் நிற்பது 1998ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வரா. 1,300 சிசி, கார்புரேட்டர் வண்டி. அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது பெண்டாங்கில் இந்தத் தாமான் வீட்டுக்கு வந்தோம். அதற்கு அடுத்த வருடம் ஓர் ஆசிரியரிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். முதலாளியின் லோரியையே ஓட்டிப் பழகிய மனிதருக்குத் தன் பெயரில் இருந்த முதல் வாகனம் அதுதான். இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், சந்தைக்குப் போவதும், கோயிலுக்குப் போவதும் அதில்தான். அப்பாவுக்கு வயது 70.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய மாதம் அட்டையில் இருந்த கறை ஒன்று இரண்டானது. அலோர்ஸ்டாரில் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது காருக்குள் கருகல் வாடை வந்தது. அம்மா புடைவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டே, "யார் வீட்டிலோ குழம்பு அடிபிடிச்சிருச்சு" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

குடும்ப வாட்ஸ்அப்பில் அன்றிரவே பேச்சு தொடங்கியது. கோலாலம்பூரில் இருக்கும் தம்பி, "வித்துடலாம்க்கா. பெசி பூரோக் காரன் கொடுக்கறதை வாங்கிக்குவோம்" என்றான். புதிய சிறிய காருக்கு அவன் கணக்கும் போட்டு அனுப்பினான். மாதம் 450 வெள்ளி, ஒன்பது வருடம். 108 மாதத்துக்கு மொத்தம் 48,600 வெள்ளி. பாதியை அவனும் பாதியை நானும் கட்டுவதாக ஏற்பாடு. நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக் கடனும் மகளின் பாலர் பள்ளிக் கட்டணமும் போக 225 வெள்ளி என்பது எனக்குச் சின்னத் தொகை இல்லை. அவனுக்கும் இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏம்மா, ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஒன்பது வருசம் கடனா?"

அது பிடிவாதக்காரரின் பேச்சு என்று தம்பி நினைத்தான். எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. ஏனென்றால் எவ்வளவு ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு 48,600 வெள்ளியா?

முதலில் எவ்வளவு என்று பார்த்தோம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் குச்சியின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். மேல் கோடுவரை ஊற்றிவிட்டு, மீட்டரில் இருந்த கிலோமீட்டரைச் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்தோம். சரியாக 1,000 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் கால் லிட்டர் குறைந்திருந்தது. புகைக்குழாயில் நீலப் புகை இல்லை. ஆகவே இன்ஜின் எண்ணெயைக் குடிக்கவில்லை, வெளியேதான் போகிறது.

கால் லிட்டர்தானே என்று தோன்றும். நம் ஊரில் சாதாரண மினியாக் ஹித்தாமை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். இடையில் யாரும் குச்சியைத் தொடாவிட்டால் 5,000 கிலோமீட்டரில் ஒன்றேகால் லிட்டர் போயிருக்கும். இந்த இன்ஜினில் இருப்பதே மூன்று லிட்டருக்குச் சற்று மேல். அதாவது கீழ்க் கோட்டையும் தாண்டி இறங்கிவிடும். வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். மீட்டர் பலகையில் இருக்கும் சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பிப் பலர் இருக்கிறார்கள். பழைய கார்களில் அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். "அடுத்த பெட்ரோல் நிலையம்வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் அங்கே இன்ஜின் மிஞ்சாது. சின்ன ஒழுகல் பெரும்பாலும் காரைக் கொல்வதில்லை. குச்சியைப் பார்க்காததுதான் கொல்கிறது.

முன்வாசல் கறை ஆளைப் பயமுறுத்தும், ஆனால் அது சரியான அளவுகோல் இல்லை. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 சொட்டு. இரவில் பத்துச் சொட்டு விழுந்தால்கூட மாதத்துக்கு 15 மில்லிலிட்டர்தான், ஒரு மேசைக்கரண்டி. மீதியெல்லாம் ஓடும்போது, இன்ஜின் சூட்டில் எண்ணெய் இளகியிருக்கும்போது போகிறது. அட்டை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவருக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, எங்கிருந்து? இதில்தான் பணம் போகிற வழி இருக்கிறது.

பெண்டாங்குக்கு வெளியே, ஒரு பெரிய ஊரில் இருக்கும் பட்டறைக்கு முதலில் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். காரை மேலே தூக்கினார்கள். இளைஞர் ஒருவர் கீழே நின்று கைவிளக்கை அடித்தார். இன்ஜினும் கியர்பாக்சும் சேரும் இடம் எண்ணெயில் ஊறி இருந்தது. "பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்சை இறக்க வேண்டும், இறக்குவதோடு கிளட்சையும் மாற்றிவிடலாம், 850 வெள்ளி" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடம் நனைந்திருந்தது உண்மைதான். ஆனால் கீழேயிருந்து மட்டும் பார்த்தார். எண்ணெய் மேலேயிருந்து கீழே ஓடும். காற்று அதைப் பின்னால் தள்ளும். நனைந்திருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். வழியெல்லாம் அப்பா வாய் திறக்கவில்லை. 850 வெள்ளி கேட்டால் அந்தக் காரின் வாழ்க்கை அங்கேயே முடிந்தது என்று அவருக்குத் தெரியும். தம்பிக்கு அது கையில் கிடைத்த சாட்சி.

என் தொழிற்சாலையில் ஒரு பொருளில் குறை இருந்தால், குறை தெரியும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தொடங்கிய இடத்தைப் பிடிப்போம். காருக்கும் அதையே செய்யலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் வேலை. உதிரிபாகக் கடையில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் ஸ்பிரே ஒரு குப்பி வாங்கினோம். குளிர்ந்த இன்ஜினில் அடித்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தோம். டிஸ்டிரிபியூட்டரிலும் கார்புரேட்டரிலும் தண்ணீர் போகாதபடி பிளாஸ்டிக் பையைக் கட்டியது அப்பாவின் யோசனை. நன்றாகக் காய்ந்தபின் அம்மாவின் முகப்பவுடரை எடுத்து, சந்தேகமான இடங்களில் தூவினோம். அம்மா கேட்டார், "காடிக்கு மேக்கப்பா போடறீங்க?" வெள்ளைப் பவுடரில் எண்ணெய் பட்டால் கறுப்புக் கோடாகத் தெரியும். அவ்வளவுதான் தந்திரம். எந்தச் செலவும் இல்லை.

தோக்காய்வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து மூடியைத் திறந்தோம். இன்ஜின் தலைமேல் இருக்கும் டாப் கவரின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, நேராக எக்ஸாஸ்ட் மேல் இறங்கியிருந்தது. கருகல் வாடை அங்கிருந்து! இன்னொரு கோடு டிஸ்டிரிபியூட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில். அது கீழே வழிந்து, கியர்பாக்சின் தோளில் இறங்கி, பட்டறை இளைஞர் பார்த்த அதே இடத்தை அடைந்திருந்தது. மேலே நனைந்திருந்தது இந்த இரண்டு இடங்கள்தான். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

படங்களைத் தம்பிக்கு அனுப்பினேன். "சரி, பார்ப்போம்" என்று மட்டும் பதில் வந்தது.

பெண்டாங்கில் கம்பத்துப் பக்கம் ஒரு போமன் இருக்கிறார். தகரக் கூரை, ஒரு ஜாக்கி, மூன்று பெட்டி சாமான், வாசலில் பூனை. அப்பா அவரைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்பேன். பவுடர் பூசிய இன்ஜினைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலால் இரண்டு கோடுகளையும் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வேலையைப் பாதி முடிச்சிட்டுத்தான் வந்திருக்கு" என்றார். அதோடு நிற்காமல் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. டாப் கவரில் செருகியிருக்கும் சின்ன வால்வ் ஒன்றைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். பி.சி.வி. வால்வ். நல்ல வால்வ் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும். எங்களுடையது ஊமை. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை அது மறுபடி உள்ளே அனுப்பி எரிய வைக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே ரப்பர் பலவீனமோ அங்கே எண்ணெயை வெளியே தள்ளும். புது கேஸ்கெட் போட்டுவிட்டு இதை மாற்றாமல் விட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வர வேண்டியதுதான் என்றார்.

சாமான் கிடைக்குமா என்ற பயமே இல்லை. முதல் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. அதே ஆண்டு பினாங்குப் பாலத் திறப்பின்போது, நம் அலோர்ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் சாகாவை ஓட்டிப் பாலத்தைக் கடந்ததை அப்பா நேற்று நடந்ததுபோல் சொல்வார். 1992ல் இஸ்வரா வந்தது. 1993ல் வீரா. இவற்றில் பெரும்பாலானவற்றின் இன்ஜின் மிட்சுபிஷியின் வடிவமைப்பு. ஒரே குடும்ப இன்ஜின் இத்தனை கார்களில் இருந்ததால் கேஸ்கெட், சீல் எல்லாம் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தொங்கும். கடைத் தவுக்கே புத்தகத்தைப் புரட்டவே இல்லை. "இஸ்வரா" என்றதும் கை தானாக மேல் தட்டுக்குப் போனது. டாப் கவர் கேஸ்கெட் 18 வெள்ளி, ஓ-ரிங் 3 வெள்ளி, பி.சி.வி. வால்வ் 15 வெள்ளி. மொத்தம் 36 வெள்ளி. போமன் கூலி 60.

பழைய கேஸ்கெட்டைக் கழற்றியபோது அது ரப்பராகவே இல்லை. வளைத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. யார் தயாரித்த ரப்பராக இருந்தாலும் இருபது வருடத்துக்கு மேல் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்தால் இறுகித்தான் போகும். முன்பு யாரோ ஒழுகலை நிறுத்த போல்ட்டுகளை முழுப் பலத்தோடு முறுக்கியிருந்தார்கள். பலரும் செய்வது இது. முறுக்க முறுக்கக் கவர் நெளிந்து, போல்ட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பிதுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழும். அண்ணன் கவரை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, நெளிவு பெரிதில்லை என்றார். ஓரங்களைச் சுரண்டித் துடைத்து, மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கான் பசை வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். சுற்றிலும் பசையை அப்புகிற பட்டறைகள் உண்டு. பிதுங்கி உள்ளே போகும் பசை காய்ந்து துண்டு துண்டாக விழுந்து, எண்ணெய் பம்பின் சல்லடையை அடைக்கும். வெளி ஒழுகலை நிறுத்தி உள்ளே பட்டினி போடும் வைத்தியம் அது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, கெட்டியான 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுவது. இன்னொன்று, ஒழுகல் நிறுத்தும் மருந்து ஒரு குப்பி. கெட்டி எண்ணெய் ஒழுகலை மெதுவாக்கும், நிறுத்தாது. குப்பி மருந்து ரப்பரை உப்ப வைக்கும். இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிற ரப்பராக இருந்தால் சில மாதம் தாங்கும். முறுக்கு மாதிரி ஒடிகிற ரப்பரை எந்த மருந்தும் உப்ப வைக்காது. கியர்பாக்சை இறக்கினால்தான் ஆகும் என்ற நிலையில், காரின் விலையைவிடக் கூலி அதிகம் என்றால், அந்தக் குப்பியை நானும் முயன்று பார்ப்பேன். 36 வெள்ளியில் முடியும் காரியத்துக்கு எதற்கு?

எந்த ஒழுகலையும் இப்படி நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் மேல் சொட்டி, வாடையோடு புகையும் வந்தால் தீப்பிடிக்கும், தள்ளிப்போடக் கூடாது. டைமிங் பெல்ட் மூடிக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்தால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும். பெல்ட் ஓடும்போது அறுந்தால் 36 வெள்ளிக் கதை ஆயிரங்களில் போய் நிற்கும். கீழே விழுவது எல்லாம் இன்ஜின் எண்ணெயும் அல்ல. சிவப்பாக இருந்தால் ஆட்டோ கியர் எண்ணெய் அல்லது பவர் ஸ்டியரிங் எண்ணெய். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர் மாதிரி இருந்தால் ரேடியேட்டர். சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பிரேக் எண்ணெய். அந்தக் காரை ஓட்டவே கூடாது. வெறும் தண்ணீர் என்றால் ஏர்கான். வெள்ளைக் காகிதத்தை விரித்து ஒரு ராத்திரி விட்டால் நிறம் தெரிந்துவிடும்.

முன்வாசலில் இருந்த கறைக்கு அப்பா ஆலையிலிருந்து ஒரு மூட்டை உமி கொண்டு வந்து கொட்டினார். நெல் வயல் சூழ்ந்த ஊரில் உமிக்கா பஞ்சம்? ஒரு நாள் ஊறவிட்டு, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தோம். எண்ணெய் ஊறிய உமியைப் பையில் கட்டிப் பட்டறையிலேயே கொடுத்துவிட்டோம். பழைய மினியாக் ஹித்தாம் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் கழிவு. பட்டறைகள் அதைப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். எங்கள் தாமான் சாக்கடை வயல் வாய்க்காலில் போய்ச் சேர்கிறது. அட்டையோடு மழையில் போவதும் அங்கேதான் போகிறது என்பதை அம்மா இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் பவுடர் டப்பாவை இரவல் கேட்டார்.

வேலை முடிந்து 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி குச்சியைப் பார்த்தோம். மேல் கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு இறக்கம். கருகல் வாடை இல்லை. முன்பக்க கிராங்க் சீலில் மட்டும் மெல்லிய வியர்வை மாதிரி ஈரம் இருக்கிறது, இன்னும் சொட்டாக விழவில்லை. அதை இப்போதே திறந்தால் கூலி இரண்டு தடவை போகும். வருகிற டிசம்பரில் டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்துச் செய்துவிடலாம், அதுவரை மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பெல்ட் பக்கம் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும் என்றார் போமன் அண்ணன். இரண்டுக்கும் சேர்த்து 400 வெள்ளி ஆகலாம். தம்பியும் நானும் மாதம் ஆளுக்கு 25 வெள்ளி அப்பாவின் கணக்கில் போட்டு வருகிறோம். ஒன்பது வருடக் கடன் பேச்சை அவன் விட்டுவிடவில்லை, அடுத்த தீபாவளிக்கு மறுபடி எடுப்பான். அப்பாவின் கண்ணும் கையும் எவ்வளவு நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதைப் பேசத்தான் போகிறோம். டிசம்பர் மாதத்துக்கு இப்போதே நாள் குறித்து, அப்பா போமனுக்குப் போன் போட்டுவிட்டார்.